கட்டுண்டோர்க்கும் காலவரை உண்டோ?

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், டர்பன் நகரிலே, 1894-ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியை நம்மவர் பலரும் கேட்டிருப்பர். வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிச் சில திங்களே ஆகியிருந்த காந்தியடிகளின் முன்னிலையில் ஒரு தமிழர் வந்து நின்றார். கந்தலாடை, கையிலே கழற்றிய தலைப்பாகை, முன்பற்கள் இரண்டு உடைந்து வாயினின்றும் குருதி ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் பெயர் பாலசுந்தரம். வெள்ளைத் துரை ஒருவரிடம் ஒப்பந்தக் கூலியாக வேலை பார்த்தவர். சினங்கொண்ட அத்துரை அவரை அவ்வாறு அடித்திருந்தார். அவர் கூறிய செய்தியனைத்தையும், தமிழரான தம் எழுத்தர் வாயிலாகவே காந்தியடிகள் அறிந்துகொண்டார். உடனே மருத்துவரிடம் அனுப்பிக் காயத்திற்குச் சான்றிதழ் பெற்று, அப்போதே நீதிபதியிடம் அழைத்துச் சென்றார். முடிவில் பாலசுந்தரம் வேறொரு தலைவரிடம் மாற்றப்பட்டார்.

இந்நிகழ்ச்சியைக் காந்தியடிகளின் பெருமைக்குச் சான்றாகக் கூறுவதே வழக்கம். அது பொருத்தமே. ஆயினும் இதனுள் மற்றொரு செய்தியும் அடங்கியிருக்கின்றது. பாலசுந்தரத்திற்கு நீதி கிடைத்ததற்கு, குருதி உலருமுன் அவர் நீதிமன்றத்தை அடைந்ததும் ஒரு காரணம் அன்றோ? தோட்டத்தினின்றும் வெளியேற முடியாதவர், மொழி அறியாதவர், துணையற்றவர், ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்த பின்னரே வாய் திறக்கத் துணிந்தவர் ஆகியோர் நிலை யாது? அவர்கள் நீதிமன்றப் படியேறும்போது, “காலம் கடந்துவிட்டது, போய் வா” என்று சட்டம் கூறலாமா? இவ்வினாவுக்கு உலக நாடுகள் பலவும் மெல்ல மெல்ல விடை கண்டு வருகின்றன. அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காலவரையறை ஏன் எழுந்தது?

வழக்குத் தொடுப்பதற்குச் சட்டம் ஓர் எல்லை வகுத்திருப்பதை நாம் அறிவோம். கடன் கொடுத்தவர் மூன்றாண்டுக்குள் வழக்கிடாவிடில் கடன் காலங்கடந்ததாகிவிடும் என்பது நாட்டுப்புறத்தாரும் அறிந்த செய்தி. இவ்வெல்லைக்குத் தக்க காரணங்கள் உண்டு. நாட்செல்ல நாட்செல்ல நினைவு மங்கும், ஆவணங்கள் அழியும், சாட்சிகள் மறைந்து போவர். குற்றஞ்சாட்டப் பெற்றவரும் வாழ்நாள் முழுதும் அஞ்சி வாழ்தல் முறையன்று. உரிமையுடையவர் உறங்கிக் கிடந்து, பின்னர் விழித்தெழுந்து பிறரை அலைக்கழித்தலும் தகாது. ஆகவே காலவரையறை என்பதே தீது என்று நாம் கூறோம்.

ஆயினும், “உரிமையுடையவர் உறங்கலாகாது” என்னும் இவ்விதி, உரிமையுடையவர் விழித்துக்கொண்டால் எழுந்து நடக்க இயலும் என்ற எண்ணத்தின்மீது அமைந்தது. மனுநீதிச் சோழன் வாயிலில் கட்டியிருந்த ஆராய்ச்சி மணியைப் பசு வந்து அசைத்தது என்பர். அப்பசு தெருவிலே உலவ இயன்ற பசு. தறியிலே கட்டப்பட்டிருந்தால் மணி எத்துணை அருகில் இருந்தும் பயன் என்ன?

இவ்வுண்மையைப் பழைய ஆங்கிலச் சட்டமே ஓரளவு உணர்ந்திருந்தது என்பது வியப்பிற்குரியது. முதலாம் ஜேம்ஸ் மன்னன் காலத்தில், 1623-ஆம் ஆண்டைச் சார்ந்ததாகக் குறிக்கப்பெறும் காலவரையறைச் சட்டம், அடித்தல், காயப்படுத்தல், அடைத்து வைத்தல் ஆகியவற்றிற்கான வழக்குகளுக்கு நான்கு ஆண்டு எல்லை விதித்தது. அச்சட்டமே, இளையோர், மணமான மகளிர், சித்தம் கலங்கியோர் ஆகியோருடன், சிறைப்பட்டிருப்போரையும் கடல் கடந்து இருப்போரையும் சேர்த்து, இவர்களுக்கு அத்தடை நீங்கும் வரையில் காலம் ஓடாது என்று விதிவிலக்கு அளித்தது. கட்டுண்டவனுக்குக் கடிகாரம் ஓடலாகாது என்னும் கருத்து இவ்வாறு நானூறு ஆண்டுகட்கு முன்னரே சட்டத்தில் இடம் பெற்றுவிட்டது.

நம் நாட்டில் நிகழ்ந்தது

இந்தியாவில் உரிமை வழக்குகளுக்கான காலவரையறை 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப் பெற்றது. பின்னர் 1871, 1877, 1908 ஆகிய ஆண்டுகளில் புதுச்சட்டங்கள் வந்தன. இறுதியாக 1963-ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் 6-ஆம் பிரிவு, சிறுவர்க்கும் சித்தம் கலங்கியோர்க்கும் மனவளர்ச்சி குன்றியோர்க்கும் காலத்தை நிறுத்தி வைக்கின்றது. அடைத்து வைக்கப்பட்டவர் அப்பட்டியலில் இல்லை. 17-ஆம் பிரிவு, வஞ்சனையால் மறைக்கப்பட்ட உரிமைக்கு, வஞ்சனை வெளிப்பட்ட பின்னரே காலம் ஓடத்தொடங்கும் என்கின்றது. வஞ்சனைக்கு இடமளித்த அப்பிரிவு, அச்சத்தால் வாய் மூடிக் கிடந்தவர்க்கு வழக்கிடும் காலத்தை அவ்வாறு தள்ளிவைக்கவில்லை.

இதன் விளைவை ஒரு கணக்கால் உணரலாம். முறைகேடாக அடைத்து வைத்ததற்கு இழப்பீடு கோரும் வழக்கிற்கு, 1963-ஆம் ஆண்டுச் சட்டம் ஓராண்டே எல்லை வகுக்கின்றது. அடைப்பு நீங்கிய நாளிலிருந்து அவ்வோராண்டு தொடங்கும் என்பது ஆறுதலே. ஆயினும், அடைபட்டிருந்து மீண்டவர் ஊர் திரும்பி, உடல் தேறி, கடன்காரனுக்கு அஞ்சி, வழக்கறிஞரைத் தேடி அடைவதற்கு ஓராண்டு போதுமோ? கூலிப் பாக்கிக்கு மூன்றாண்டு எல்லை. அதுவும் கூலி கொடுபட வேண்டிய நாளிலிருந்தே தொடங்கும். எட்டாண்டுகள் கூலியின்றி உழைத்து மீண்ட ஒருவர், விடுபட்ட அன்றே வழக்கிட்டாலும், முதல் ஐந்தாண்டுக் கூலியைக் காலம் விழுங்கிவிடும். எவ்வளவு நீண்ட காலம் ஒருவரை அடிமைப்படுத்துகின்றானோ, அவ்வளவுக்குக் கொடியவன் இலாபம் அடைகின்றான். குறைந்தபட்சக் கூலி பற்றிய 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய கோரிக்கைக்கு ஆறு திங்களே அளித்தது. தக்க காரணம் காட்டினால் பின்னரும் ஏற்கலாம் என்றது. 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டம் அதனை மூன்றாண்டாக உயர்த்தியிருப்பது வரவேற்கத்தக்கது.

இனிக் குற்ற வழக்குகளைக் காண்போம். அடிமை முறைக்குச் சட்டத்தின் ஏற்பு இல்லை என்று 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அறிவித்தது. 1860-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம், ஒருவரை அடிமையாக வாங்குதலையும் விற்றலையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. வரலாற்றின் முரண்பாடு யாதெனில், அதே 1860-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாளில்தான், சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற ‘ட்ரூரோ’ என்னும் முதற் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. மொரீசியசுக்கு இம்முறையில் ஆள் அனுப்புதல் 1834-இலேயே தொடங்கிவிட்டது. அடிமை என்ற பெயர் நீங்கியது. ஒப்பந்தம் என்ற பெயர் வந்தது. ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு நீங்கிய கூலிக்குச் சிறைத்தண்டனை காத்திருந்தது. இம்முறையில் ஆள் அனுப்புதல் 1917-இல் நிறுத்தப்படும் வரையில் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவும் தம் மக்களைக் கடலுக்கு அப்பால் இழந்துவந்தன.

விடுதலை பெற்ற இந்தியாவின் அரசியல் சட்டம், தன் 23-ஆம் பிரிவில், மனித வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் தடுத்தது. டில்லியில் ஆசிய விளையாட்டுக் கட்டடங்களில் உழைத்தோர் தொடர்பாக 1982-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குதலும் அப்பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பேயாகும் என்று விளக்கியது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், முன்பணம் கொடுத்து மனிதரைப் பிணிக்கும் முறையை வேரறுக்க எழுந்தது. கடன் என்று கூறப்படுவது கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர் மீதே அச்சட்டம் சுமத்தியது.

ஆயினும் இங்கே ஒரு முடிச்சு விழுந்தது. 1898-ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டத்தில், குற்ற வழக்குகளுக்குப் பொதுவான காலவரையறை இல்லை. 1973-இல் இயற்றப்பட்டு 1974 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதனைப் புகுத்தியது. அபராதம் மட்டுமே விதிக்கத்தக்க குற்றத்திற்கு ஆறு திங்கள். ஓராண்டு வரை சிறை விதிக்கத்தக்கதற்கு ஓராண்டு. மூன்றாண்டு வரை சிறை விதிக்கத்தக்கதற்கு மூன்றாண்டு. அதற்கு மேற்பட்டவற்றிற்கு எல்லை இல்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் தன் 514-ஆம் பிரிவில் இவ்வரிசையையே பின்பற்றுகின்றது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் விதிக்கத்தக்க சிறைத்தண்டனையோ மூன்றாண்டு வரையே. எனவே அக்குற்றம் மூன்றாண்டு எல்லைக்குள் அகப்பட்டுக்கொண்டது. சட்டத்திற்கு மாறாகக் கட்டாய வேலை வாங்கும் குற்றத்திற்கு ஓராண்டு வரையே சிறை. ஆதலின் எல்லையும் ஓராண்டே. தண்டனையைக் குறைவாக வைத்தவர்கள், தாம் அறியாமலே காலத்தையும் குறுக்கிவிட்டனர்.

சட்டத்தில் வாயில்களே இல்லை என்று எண்ணற்க. தொடர்ந்து நடைபெறும் குற்றமாயின், அது தொடரும் ஒவ்வொரு நொடியிலும் புதிய காலம் தொடங்கும். ஆகவே அடிமைப்பட்டிருக்கும் வரையில் எல்லை ஓடாது என்று வாதிடலாம். காலந்தாழ்ந்தமைக்குத் தக்க விளக்கம் இருப்பினும், நீதியின் பொருட்டுத் தேவையாயினும், எல்லை கடந்த பின்னரும் நீதிமன்றம் வழக்கை ஏற்கலாம். நீதிமன்றம் வழக்கைக் கையிலெடுக்கும் நாளைக் கொண்டன்று, முறையீடு அளிக்கப்பட்ட நாளைக் கொண்டே எல்லையைக் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சட்ட அமர்வு 2013-இல் தெளிவாக்கியது. மன்றத்தின் தாமதத்திற்கு முறையிட்டவர் பொறுப்பாகார் என்பது இதன் பயன்.

அதே 2013-ஆம் ஆண்டில், தண்டனைச் சட்டத்தின் 370-ஆம் பிரிவு முற்றிலும் திருத்தி அமைக்கப்பட்டது. சுரண்டும் நோக்கத்துடன் மிரட்டியோ, ஏமாற்றியோ, ஆசை காட்டியோ ஆள் சேர்த்தலும் அனுப்புதலும் அடைக்கலம் கொடுத்தலும் மனித வணிகம் எனப்பட்டன. குறைந்தது ஏழாண்டு, மிகுந்தால் பத்தாண்டுச் சிறை. சிறாராயின் பத்தாண்டு முதல் ஆயுள் வரை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவு இதனையே தொடர்கின்றது. இத்தண்டனை மூன்றாண்டுக்கு மேற்பட்டதாதலின், இக்குற்றத்திற்குக் காலவரையறை இல்லை. ஆகவே, ஒரே கல் உடைக்கும் களத்தினின்றும் மீட்கப்பட்ட ஒருவரது வழக்கு, கொத்தடிமைச் சட்டத்தின் கீழ் மட்டும் பதிவானால் மூன்றாண்டில் மடியக்கூடும். மனித வணிகப் பிரிவும் சேர்க்கப்பட்டால் என்றும் உயிருடன் இருக்கும். முதல் நாளில் காவல் நிலையத்தில் எழுதப்படும் எண்ணே ஒருவரது வாழ்நாள் நீதியை அறுதியிடுகின்றது.

அமெரிக்கா காட்டிய வழி

உரிமை வழக்கின் காலத்தை நீட்டியதில் அமெரிக்காவின் வரலாறு அறியத்தக்கது. அந்நாட்டில் 1865-இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. மனித வணிகத்திற்கு இரையானோரைக் காக்கும் தனிச்சட்டம் 2000-ஆம் ஆண்டில் வந்தது. இரையானவரே தம்மைக் கொடுமைப்படுத்தியவர்மீது இழப்பீட்டு வழக்குத் தொடரும் உரிமை 2003-இல் சேர்க்கப்பட்டது. அதற்கெனத் தனி எல்லை கூறப்படாமையால், பொதுவான நான்காண்டு எல்லையே பொருந்தியது. 2008 டிசம்பரில் அது பத்தாண்டாக உயர்ந்தது. சிறுவயதில் இரையானவராயின், பதினெட்டு வயது நிறைந்த பின் பத்தாண்டு வரை வழக்கிடலாம் என 2015-இல் மேலும் விரிந்தது. அரசு தொடுக்கும் குற்ற வழக்குகளுக்குப் பொதுவாக ஐந்தாண்டே எல்லையாயினும், கட்டாய உழைப்புக் குற்றங்கள் பலவற்றிற்கு 2006-இல் பத்தாண்டு அளிக்கப்பட்டது; பாலியல் தொழிலுக்காக ஆள் கடத்தும் குற்றத்திற்கு எல்லையே நீக்கப்பட்டது.

இவ்வெண்களின் பின்னே உயிருள்ள மக்கள் நிற்கின்றனர். பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்ணொருவர் 2002-இல் வர்ஜீனியாவில் ஒரு குடும்பத்தின் வீட்டு வேலைக்கு அழைத்து வரப்பட்டார். நாள்தோறும் பதினேழு பதினெட்டு மணி நேரம், வாரத்தில் ஏழு நாளும் வேலை. தொடக்கத்தில் அவர் பெற்ற ஊதியம் திங்களுக்கு 250 டாலர். கடவுச்சீட்டு வீட்டாரிடம். 2008 ஜனவரியில் தப்பிய அவர், 2013 ஜூலையில்தான் வழக்கிட்டார். காலம் கடந்தது என்று கீழ் நீதிமன்றம் தள்ளியது. 2014-இல் மேல் நீதிமன்றமோ, புதிய பத்தாண்டு எல்லை நடைமுறைக்கு வந்தபோது அவரது உரிமை இறந்திருக்கவில்லையாயின், அவர் அவ்வெல்லையின் பயனைப் பெறலாம் என்று தீர்ப்பளித்தது. தப்பி வந்த பின் வழக்கிட அவருக்கு ஐந்தாண்டுக்கு மேல் ஆயிற்று. அதனைச் சோம்பல் என்று யார் கூறுவர்?

மற்றொரு வழக்கு நம்மவரைப் பற்றியது. 2005-இல் வீசிய கத்ரீனாப் பெரும்புயலுக்குப் பின், மிசிசிப்பி, டெக்சாஸ் மாநிலங்களின் கப்பல் பட்டறை வேலைக்காக இந்தியாவிலிருந்து ஏறத்தாழ ஐந்நூறு பற்றவைப்பாளரும் குழாய் பொருத்துவோரும் அழைத்துச் செல்லப்பட்டனர். கேரளத்தாரும் தமிழ்நாட்டாரும் அவர்களுள் இருந்தனர். நிலையான குடியுரிமைச் சீட்டுக் கிடைக்கும் என்ற வாக்குறுதியை நம்பி, நகையை விற்றும் வட்டிக்கு வாங்கியும் பதினாயிரம் டாலருக்குக் குறையாமல் தரகர்க்குக் கொடுத்தனர். சென்றவர்க்குக் கிடைத்ததோ தற்காலிக அனுமதியும், ஓரறையில் இருபத்து நால்வர் நெருக்குண்ட கொட்டகையும், அதற்கு நாளொன்றுக்கு 35 டாலர் பிடித்தமும். 2008 மார்ச்சில் அவர்கள் வெளியேறி வழக்கிட்டனர். வாஷிங்டன் வரை சென்று உண்ணாநோன்பும் இருந்தனர். அனைவருக்கும் பொதுவாக ஒரே வழக்கு நடத்த 2012-இல் நீதிமன்றம் இணங்கவில்லை. எனவே 2013-இல் பலர் தனித்தனியே புதிதாக வழக்கிட நேர்ந்தது. அவர்கள் அமெரிக்காவை அடைந்து அப்போது ஆறேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. பழைய நான்காண்டு எல்லையே நீடித்திருந்தால் அவ்வழக்குகள் பெரும் இடர்ப்பாட்டிற்கு உள்ளாகியிருக்கும். 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் நகர ஜூரிகள் ஐவருக்கு ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் டாலர் இழப்பீடு அளித்தனர். அவ்வாண்டிலேயே ஏனையோர் வழக்குகளும் 2 கோடி டாலருக்கு உடன்பாடாயின.

நீட்டிப்பிற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறத்தலாகாது. முன்னரே காலாவதியான குற்ற வழக்கைப் புதுச்சட்டத்தால் உயிர்ப்பித்தல் தகாது என்று 2003-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளக்கு அணையுமுன் எண்ணெய் ஊற்றலாம். அணைந்தபின் ஊற்றிப் பயனில்லை. ஆதலின் சட்டத்தைத் திருத்துவோர் காலந்தாழ்த்தும் ஒவ்வோராண்டும் சிலரது நீதி மீளாவகையில் மறைகின்றது.

உலக மன்றமும் இதனை உணர்ந்துள்ளது. நாடு கடந்த குற்றங்களுக்கு எதிராக 2000-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற உடன்படிக்கை, இத்தகு குற்றங்களுக்கு நீண்ட காலவரையறை வகுத்தல் வேண்டும் என்றும், குற்றவாளி தப்பியோடியிருப்பின் அது இன்னும் நீளல் வேண்டும் என்றும் உறுப்பு நாடுகளுக்கு உரைக்கின்றது. மனித வணிகம் பற்றிய அதன் இணைப்பு உடன்படிக்கையுடன், இந்தியா இதனை 2011-இல் உறுதி செய்தது.

செய்யத்தக்கது

இவ்வரலாற்றினின்றும் பெறத்தக்க முடிபு ஒன்றே. அடிமைப்பட்டவர்க்குக் காலம், கொடுமை நிகழ்ந்த நாளிலிருந்து ஓடலாகாது. விடுதலை பெற்ற நாளிலிருந்தே ஓடல் வேண்டும். அங்ஙனம் ஓடும் காலமும், முறிந்த மனிதர் ஒருவர் மீண்டும் நிமிர்ந்து நிற்கப் போதிய நீளமுடையதாதல் வேண்டும். கொத்தடிமைக் குற்றத்தின் மூன்றாண்டு எல்லையும், அடைத்து வைத்தலுக்கான ஓராண்டு எல்லையும் இவ்வளவைக்கு முன் நில்லா. நம் சட்டமன்றத்தார் இவற்றை மாற்றியமைத்தல் கடன்.

சட்டம் மாறும் வரையில் நாம் வாளா இருத்தல் வேண்டுமோ? நாமும் பிழைப்பு நாடிப் புறப்பட்டு வந்தவர்களே. ஆயினும் நாம் வேலை ஆணையைக் கையில் கொண்டு வந்தோம்; விடுமுறைக்கு ஊர் திரும்பும் உரிமையோடு வந்தோம். அதே இரயிலில், முன்பணம் வாங்கிய தரகனின் பின்னே வந்திறங்குவோரும் உளர். செங்கற் சூளையிலும், கட்டட வேலையிலும், சிற்சில வேளைகளில் நம்மைப் போன்றோர் வீட்டு அடுக்களையிலும் அவர்களைக் காணலாம். ஊரிலிருந்து வேலைக்கென அழைத்து வரப்பட்ட பெண்ணுக்குக் கூலி அவள் கையில் சேர்கின்றதா, விரும்பியபோது அவள் வீடு திரும்ப இயலுமா என்று நாம் முதலில் நம்மையே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

துன்புறுவோர் எவரேனும் நம்மை நாடி வந்தால், வந்த நாளையும் அவர் கூறும் நாட்களையும் குறித்து வைத்தல், மருத்துவச் சான்று பெறச் செய்தல், காவல் நிலையத்திற்கோ மாவட்ட ஆட்சியரிடமோ உடன் செல்லுதல் ஆகிய இவை சிறு செயல்களே. கொத்தடிமைச் சட்டத்தின்படி மாவட்டந்தோறும் கோட்டந்தோறும் அமைக்கப்பட வேண்டிய விழிப்புக் குழுக்களையும் அணுகலாம். காலவரையறை என்னும் கத்திக்கு எதிரே எழுதி வைத்த ஒரு தேதி கேடயமாகும்.

டர்பன் நகரில் பாலசுந்தரம் கூறியதைக் காந்தியடிகளுக்கு எடுத்துரைத்த அத்தமிழ் எழுத்தரை நாம் நினைந்து பார்த்ததில்லை. அவர் அங்கு இல்லையாயின், குருதி ஒழுகிய அவ்வாயினின்றும் பிறந்த சொற்கள் எவருக்கும் விளங்கியிரா. அயல்மொழி வழங்கும் நகரில் வாழும் நமக்கு, இங்குள்ள மொழியும் தெரியும். ஊரிலிருந்து வருபவர் மொழியும் தெரியும். அவ்வெழுத்தர் செய்த பணி நம் ஒவ்வொருவராலும் செய்யக்கூடிய பணியே. காலம் கடக்குமுன் அதனைச் செய்வோமாக.